இரண்டு பிள்ளைகள், ஒரு சின்ன ஓவன், மூன்று வருசப் பாண்

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் காலையும் பின்னேரமும் பாட்டுப் போட்டபடி பாண் ஓட்டோ வரும். படலையைத் திறந்தால் பாண் கையில். "பிறகேன் பிள்ளை உனக்கு இந்த வேலை?" என்று மாமி இன்றைக்கும் கேட்பா. மாரி மழையில் வீட்டுக்குள் அடைபட்ட இரண்டு பேரைச் சமாளிக்கத்தான் வீட்டில் பாண் சுடத் தொடங்கினேன். அப்போது மகனுக்கு நாலு வயது, மகளுக்கு இரண்டு.

எங்கள் அளவு: கோதுமை மா 500 கிராம், தண்ணீர் 300 மில்லிலீற்றர், ஈஸ்ற் 7 கிராம், உப்பு 9 கிராம், ஒரு மேசைக்கரண்டி சீனி, கொஞ்சம் எண்ணெய். 200 பாகையில் 35 நிமிடம். ஒன்றரை இறாத்தலுக்குச் சற்றுக் கூட வரும். கரண்ட் ஒரு யூனிற்றுக்குக் கிட்ட. இதில் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதல் மாதம் வந்ததெல்லாம் கல்லு. மாவைக் குறை சொன்னேன், கடையை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், சின்னவள் ஈஸ்ற் போத்தல் மூடியைத் திறந்து விளையாடிவிட்டு அப்படியே விட்டிருக்கிறாள். மாரி ஈரத்தில் ஈஸ்ற் செத்துப் போயிருந்தது. இப்போது போத்தல் குளிர்சாதனப் பெட்டிக்குள். ஒவ்வொரு முறையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனியோடு கரைத்துப் பத்து நிமிடம் வைப்போம். நுரை வந்தால்தான் மா எடுப்பது. தண்ணீர் கை பொறுக்காத சூடு என்றாலும் ஈஸ்ற் சாகும், அதையும் ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. முழு வேலையிலும் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் இந்த நுரைதான். "அம்மா, இது மூச்சு விடுதோ?" என்று மகன் கேட்டான். ஓமென்றேன். அது பெரிய பொய்யுமில்லை, சீனியைத் தின்று காற்று விடுகிறதுதானே.

குழைக்கும்போது மாவை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கோ. ஒரே உருண்டை என்றால் சண்டை நிச்சயம். ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடுவார்கள். மிச்சப் பத்து நிமிடம் நாங்கள்தான். மாவை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் கிழியாமல் மெல்லிசாக விரிய வேண்டும். பச்சை மாவை வாயில் வைக்க விடாதேங்கோ, கிருமி இருக்கலாம். என் மகள் இன்னும் களவாக நக்குவாள்.

ஒரு மணித்தியாலம் பொங்க விடு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதெல்லாம் குளிர் ஊர்க் கணக்கு. எங்கட சித்திரை வெயிலுக்கு நாற்பது நிமிடம் தாராளம். ஒருநாள் சின்னவளைக் குளிக்க வார்க்கப் போய் மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் குசினி முழுக்கக் கள்ளு வாசம். மாமிக்குச் சந்தோசம்: "அப்பம் சுடலாமே!" பாணாக்கியபோது ஓவனுக்குள் நடு அமிழ்ந்து போனது. வெயில் காலத்தில் இப்போது ஈஸ்ற்றைப் பாதியாக்கி, பானைத் தண்ணீரில் குழைக்கிறேன்.

குரக்கன் மா 100 கிராம் கலந்தால் பாண் நன்றாகவே வரும். அதற்குமேல் போனால் பொங்காது. கோதுமையில் இருக்கிற இழுவை குரக்கனில் இல்லை. கரண்ட் நின்றால் அதே மாவைத் தட்டித் தாச்சியில் ரொட்டியாகச் சுட்டு, இடிச்ச சம்பலோடு முடித்துவிடுவோம். உண்மையில் பிள்ளைகள் அதைத்தான் கூட விரும்புகிறார்கள்.

ஓவனில் எனக்குள்ள பெரிய குறை கதவுக் கண்ணாடி. கை வைக்க முடியாத சூடு. சின்ன ஓவன் என்பதால் பின்பக்கம் முதலில் கருகும், நடுவில் தட்டைத் திருப்பி வைக்க வேணும். பேக்கரிப் போறணையில் வாற மொறுமொறுப்பை எதிர்பார்க்க வேண்டாம். பாதுகாப்புக்குக் குசினி நிலத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டு, ஓவன் சூடாக இருக்கும்போது யாரும் தாண்டக்கூடாது என்று சட்டம் வைத்தேன். போன சனிக்கிழமை மாமி தேத்தண்ணி ஊற்ற வந்தா. சின்னவள் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நிற்கிறாள்: "அப்பம்மா, கோட்டுக்கு அங்கால நில்லுங்கோ!"