ஏர்பேக் விளக்கும் கையடக்க ஸ்கேனரும்: பினாங்கில் சில வருட அனுபவம்

பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போய்வர ஒரு பழைய ஜப்பானிய செடான் வைத்திருக்கிறேன். அதன் கணினிகளில் பதிவாகும் கோளாறுக் குறியீடுகளைப் படித்துக் காட்டுவதற்காக வாங்கிய கையடக்க ஸ்கேனரைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இப்போதும் வாங்கச் சொல்வேன். ஆனால் அது சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் ஓபிடி ரீடர்கள் (காரின் கோளாறு சாக்கெட்டில் செருகிப் படிக்கும் கருவிகள்) பெரும்பாலும் இன்ஜின் சம்பந்தப்பட்ட, 'பி' எழுத்தில் தொடங்கும் கோளாறுக் குறியீடுகளை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக்குக்கு, அதாவது விபத்தில் விரிந்து நம்மைக் காக்கும் பைக்கு, தனிக் கணினி. அதோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். வாங்கும்போது "எஸ்ஆர்எஸ் (ஏர்பேக் அமைப்பு) படிக்குமா, என் கார் மாடலுக்குப் படிக்குமா" என்ற இரண்டு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

முதல் கோளாறு ஸ்டியரிங் பக்கம் வந்தது. ஓட்டுநர் ஏர்பேக் சர்க்யூட்டில் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) அதிகம் என்று ஸ்கேனர் காட்டியது. ஒரு பட்டறையில் அதைப் பார்த்துவிட்டு ஏர்பேக்கையும் கணினியையும் சேர்த்து மாற்றச் சொன்னார்கள். பிறை ஊரில் எனக்குப் பழக்கமான ஃபோர்மன் (மெக்கானிக்) அண்ணன் குறியீட்டைப் பார்த்ததும் கேட்டது வேறு: "தம்பி, ஹாரன் அடிக்குதா?" அடிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த ஆடியோ பட்டன்களும் வேலை செய்யவில்லை. மூன்றும் ஒன்றாகப் போனால் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் மேல்தான். ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயர் அறுந்துபோகாமல் இருக்க, உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தட்டையான கேபிள் அது. வருடக்கணக்கில் சுருண்டு விரிந்து ஒரு நாள் விட்டுப்போகும்.

உறுதி செய்துகொள்ள அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். விபத்தில் பேட்டரி போய்விட்டாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கணினிக்குள் கெபாசிட்டர் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அது வடியும்வரை ஏர்பேக் வயர்களின் மஞ்சள் கனெக்டர்களைத் தொடக்கூடாது. எவ்வளவு நேரம் என்பது காருக்குக் கார் மாறும், சர்வீஸ் கையேட்டில் போட்டிருக்கும். பிறகு ஏர்பேக்கைக் கழற்றிப் பத்திரமாக ஓரமாக வைத்துவிட்டு, அதன் இடத்தில், ஏர்பேக்குக்கு இணையான மின்தடை தரும் சுமார் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினார். அதன் பிறகும் பழைய குறியீடே வந்தது. அப்படியானால் ஏர்பேக்கில் பழுதில்லை, வழியில்தான் பழுது. கிளாக் ஸ்பிரிங்கை மாற்றினோம், ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு ஏர்பேக்கைத் திரும்ப மாட்டினோம், விளக்கு அணைந்தது, ஹாரனும் வந்தது.

இந்தச் சோதனையைப் படித்துவிட்டு வீட்டில் முயல வேண்டாம். மல்டிமீட்டரை நேராக ஏர்பேக்கில் வைத்துப் பார்ப்பது அதைவிட ஆபத்து. மீட்டர் அனுப்பும் சிறிய மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம் என்பதால் கார் தயாரிப்பாளர்களே அதைக் கூடாது என்கிறார்கள்.

இரண்டாவது கோளாறு போக்குக் காட்டியது. பாலத்தில் குலுங்கும்போது விளக்கு வரும், பட்டறைக்குப் போனால் இருக்காது. ஸ்கேனர் தன் காசைச் சம்பாதித்தது இங்கேதான். விளக்கு அணைந்திருந்தாலும் பழைய பதிவு கணினியில் கிடக்கும்: முன் இருக்கையின் பக்கவாட்டு ஏர்பேக். இருக்கைக்கு அடியில் பார்த்தால் கனெக்டர் லேசாகத் தளர்ந்து, முனைகளில் பச்சை பிடித்திருந்தது. இங்கே மழைக்குக் குறைவில்லை. நனைந்த குடையை எல்லோரும் அங்கேதான் போடுகிறோம், இருக்கையைத் தள்ளும்போதெல்லாம் வயரும் இழுபடுகிறது. ஓரிரு ஓம் கூடினாலே கணினி கோளாறு என்று எழுதிவிடும். சுத்தம் செய்து, அழுத்தி மாட்டி, வயர் இழுபடாதபடி கட்டியதோடு சரியானது. குறியீட்டை அழித்துவிட்டு மட்டும் ஓட்டியிருந்தால் அது திரும்ப வந்திருக்கும். விளக்கு எரியும்போது பை விரியும் என்று நம்பவே முடியாது.

அப்புறம், பழைய கார் வாங்கப் போகும் உறவினர்கள் இந்த ஸ்கேனரைக் கேட்டு வருவார்கள். கொடுப்பேன். ஆனால் குறியீடு ஏதும் இல்லையென்றால் கார் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுப்பேன். கணினிக்குத் தெரிவது மின்தடை மட்டும். விபத்தில் வெடித்த பைக்குப் பதிலாக ரெசிஸ்டரை மாட்டி, மேலே புதிய மூடியைப் போட்டு விற்றால், ஸ்கேனர் அதையும் ஏர்பேக் என்றே நம்பும். விளக்கையே பிடுங்கிவிடுபவர்கள் உண்டு. இன்னும் சிலர் அதை ஆயில் விளக்கோடு சேர்த்துவிடுவார்கள், இன்ஜின் ஓடியதும் இரண்டும் சேர்ந்து அணைந்துவிடும். அதனால் சாவியைத் திருப்பியதும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாக, தனியாக அணைய வேண்டும்.

தகாத்தா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக் விஷயமும் இதே வகைதான். 2014இல் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் உயிரைப் பறித்த விபத்தில், பை விரிந்தபோது அதை ஊதி விரிக்கும் இன்ஃப்ளேட்டர் உடைந்து உலோகத் துண்டு பாய்ந்தது. இப்படி உடைவதற்கு, உள்ளே வாயுவை உண்டாக்கும் அமோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போவதுதான் பொதுவான காரணம், நம் ஊர் வானிலையோ வருடம் முழுக்க அப்படித்தான். அந்தக் குறைக்கு விளக்கும் எரியாது, குறியீடும் வராது. பழைய ஜப்பானிய கார் வைத்திருப்பவர்கள் சேசிஸ் எண்ணை உற்பத்தியாளரிடம் கொடுத்து, திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.