திருநெல்வேலி மாவட்ட தொழில் மையம்: அப்பள மிஷினுக்காக ஏழு தடவ போய் வந்த அனுபவம்

ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஐப்பசி மழையில எங்க வீட்டுல நாப்பது கிலோ மாவுக்கு இட்ட அப்பளம் மொத்தமும் பூஞ்சை பூத்துப் போச்சு. எங்க அத்தைக்கு பொறந்த ஊரு கல்லிடைக்குறிச்சி, உளுந்த மாவுல பிரண்டைச் சாறு எவ்வளவு ஊத்தணும், அப்பளக்காரம் எவ்வளவு போடணும்னு அவுக கைக்கு அளவு தெரியும், ஆனா வெயிலு நம்ம கையில இல்லியே. பாயோட தூக்கிட்டுப் போயி அடுப்படியில விரிச்சோம், ஃபேன் போட்டோம், ஒண்ணும் நடக்கல, மூணாம் நாளு ஓரத்துல பச்சை கட்டிருச்சு. அன்னைக்கு ராத்திரி தான் டிரையர் வாங்கணும், மாவு பிசைய ஒரு மிஷினும் தட்ட ஒரு மிஷினும் வாங்கணும்னு வீட்டுல பேசி முடிவு பண்ணுனோம். கணக்குப் பாத்தா கைச்செலவு முதலோட சேத்து 8 லட்சம் வந்துச்சு, கையில இருந்தது அம்பதாயிரம் தான்.

மாவட்ட தொழில் மையம்னு ஒண்ணு இருக்குன்னே எனக்கு அதுக்கு முன்ன தெரியாது. முதல்ல போனது ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு, அங்க உத்யம் பதிவு, அதாவது சின்னத் தொழிலுக்கு மத்திய அரசுல போடுற பதிவு, அதைப் போட 2000 ரூபா வாங்கிட்டாங்க, பிறகு தான் தெரிஞ்சது அது 2020 ஜூலையில ஆரம்பிச்சதுல இருந்தே ஃப்ரீ, ஆதார் நம்பரும் போனுக்கு வர ஓடிபியும் இருந்தா வீட்டுல உக்காந்தே போட்டுரலாம்னு. அந்தக் காசு போனது இன்னும் மனசுல கிடக்கு. தெரியாதவங்களுக்காக இதை முதல்லயே எழுதிட்டேன்.

இந்த மையம் 1978ல மத்திய அரசு கொண்டு வந்த திட்டம், நடத்துறது மாநில அரசோட தொழில் துறை. சின்னத் தொழில் பண்ணுறவன் ஒவ்வொரு காகிதத்துக்கும் மெட்ராஸுக்கு ஓடாம, கடன், மானியம், ட்ரெய்னிங், பதிவு எல்லாத்துக்கும் மாவட்டத்துலயே ஒரு வாசல் இருக்கணும்னு தான் இதை வச்சாங்க. பெரிய கம்பெனிகளுக்கு எடம் ஒதுக்குற மாநில அரசு நிறுவனம் சிப்காட் 1971ல இருந்து இருக்கு, நம்ம கங்கைகொண்டான்ல டயர் கம்பெனி, சோலார் கம்பெனின்னு வந்துருக்கு, அவங்களுக்கு எடம் குடுக்கவும் வரவேற்கவும் ஆளு இருக்கு. பேட்டையில சிறுதொழிலுக்கான அரசு நிறுவனம் சிட்கோவோட எஸ்டேட் இருக்கு. ஆனா வீட்டுல பாய் விரிச்சு அப்பளம் காயப் போடுற ஆளு போயி நிக்கிற ஆபீஸு இது தான்.

முதல் தடவ போனப்ப கையில ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வச்சிருந்தேன், டவுன்ல ஒருத்தர்ட்ட காசு குடுத்து எழுதி வாங்குனது. பிஎம்இஜிபின்னு, புதுசா தொழில் தொடங்குறவங்களுக்கு பேங்க் கடனோட மானியமும் குடுக்கிற மத்திய அரசு திட்டம், அதைப் பாக்குற மேடம் ரிப்போர்ட்டை வாங்கி மேசையில வச்சு ஒவ்வொரு பக்கமா பென்சிலால கோடு போட்டுக்கிட்டே வந்தாவ, நான் எதிர்ல உக்காந்து அந்தப் பென்சிலையே பாத்துக்கிட்டு இருந்தேன். நாலாவது பக்கத்துல நிறுத்திட்டு, "அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதும்மா, இதுல வருஷா வருஷம் விக்கிற காசுல ஜிஎஸ்டி கழிச்சிருக்காங்களே, லாபமே இல்லாத மாதிரி தெரியுது, இதைப் பாத்தா பேங்க்ல யாரும்மா கடன் தருவா"ன்னு கேட்டாவ. எழுதிக் குடுத்தவருக்கு அது தெரியல, எனக்கும் தெரியல. மிஷின் வாங்குறப்ப நாம குடுக்க வேண்டிய வரியை அவரு எழுதவே இல்ல, அதையும் பென்சிலாலயே சேத்தாவ.

அதை விடப் பெரிய விஷயம் ஒண்ணு சொன்னாவ. நாங்க மிஷின் போட டவுன்ல வாடகைக்கு ஒரு ரூம் பாத்து வச்சிருந்தோம், கடைக்காரங்க கிட்ட இருக்குமேன்னு. "உங்க ஊரு கிராம பஞ்சாயத்து தானம்மா, அங்கனயே போடுங்க"ன்னாவ. ஏன்னா இந்தத் திட்டத்துல பொம்பளைங்களுக்கு கிராமத்துல தொழில் வச்சா 35 சதவீதம் மானியம், மாநகராட்சிக்குள்ள வச்சா 25 தான். 8 லட்சத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் எங்க, 2 லட்சம் எங்க. ஒரே வார்த்தையில 80 ஆயிரம் ரூபா, அது போக மாசா மாசம் வாடகையும் மிச்சம். இதை அவுக சொல்லணும்னு கட்டாயமே இல்ல, நான் கேக்கவும் இல்ல. நம்ம கைக்காசு 5 சதவீதம் போட்டாப் போதும், அதாவது 40 ஆயிரம், மிச்சம் 7 லட்சத்து 60 ஆயிரம் பேங்க் கடன். உற்பத்தித் தொழில்ல 10 லட்சத்துக்கு மேல போனாத் தான் எட்டாவது பாஸ் கேப்பாங்க, அதனால அத்தை பேர்லயே போடலாமான்னு கூட கேட்டேன், 10 நாள் ட்ரெய்னிங் இருக்கே, அவுகளால உக்கார முடியுமான்னு திருப்பிக் கேட்டாவ, அதுவும் நியாயம் தான், என் பேர்லயே போட்டோம்.

பிறகு தான் கஷ்டம். தொழில் மையம் கடன் தராது, நம்ம அப்ளிகேஷனை சரி பாத்து பேங்குக்கு அனுப்பும், குடுக்கிறதும் குடுக்காததும் பேங்க் மேனேஜர் கையில. நான் போட்ட பேங்க் எதுன்னு சொல்ல வேண்டாம்னு நினைக்கேன். மூணு மாசம் நடந்தேன். ஒரு நாளு மேனேஜர் லீவு, ஒரு நாளு ஆடிட், கடைசியில "வீட்டுப் பத்திரம் இருந்தா கொண்டாங்க, பாப்போம்"னு சொன்னாரு. எங்க வீடு மாமா காலத்துப் பொதுச் சொத்து, பத்திரத்துக்கு நான் எங்க போவேன். பஸ்ஸுல வரும்போது அழுகை வந்துருச்சு, உண்மையாவே. மறுநாளு தொழில் மையத்துல போயி சொன்னப்ப அங்க இருந்த சாரு, "10 லட்சம் வரைக்கும் சின்னத் தொழில் கடனுக்கு சொத்து அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கும்மா, அதுக்குத் தான் சிஜிடிஎம்எஸ்இன்னு கேரண்டி டிரஸ்ட் 2000ல இருந்து இருக்கு, கடன் திரும்ப வரலன்னா பெரும்பங்கு அது ஏத்துக்கும்"னு சொல்லி எனக்கு முன்னாடியே அந்த பேங்குக்குப் போன் போட்டாரு. அங்க அசையல. சரின்னு, அப்ளிகேஷன்ல ரெண்டாவதா எழுதியிருந்த பேங்குக்கு மாத்தி அனுப்புனாங்க. அந்த ரெண்டாவது பேங்க் காலத்தை அப்போ நான் ஏனோதானோன்னு நிரப்பப் பாத்தேன், மேடம் தான் "வீட்டுக்குப் பக்கத்துல உள்ளதா, நீங்க ஏற்கெனவே கணக்கு வச்சிருக்கிறதா எழுதுங்க"ன்னு சொன்னாவ. அங்க எங்க குழுக் கடன் கணக்கு ஆறு வருஷமா ஒரு தவணை தவறாம ஓடிக்கிட்டு இருக்கு. ஒன்றரை மாசத்துல கடன் வந்துருச்சு.

மானியம் கையில வரும்னு நினைச்சு யாரும் கடன் வாங்கிறாதீங்க. அந்த 2 லட்சத்து 80 ஆயிரம் பேங்க்லயே 3 வருஷம் டெபாசிட்டா கிடக்கும், அந்தத் தொகை அளவு கடனுக்கு வட்டி போட மாட்டாங்க, டெபாசிட்டுக்கும் வட்டி தர மாட்டாங்க, தொழில் ஒழுங்கா நடக்குதுன்னு வந்து பாத்த பிறகு கடன்ல கழிச்சிருவாங்க. எங்களுக்கு இன்னும் அது முடியல.

5க்கு 4 குடுக்கேன். அந்த ஒண்ணைக் குறைச்சது அங்க வேலை பாக்குறவங்களுக்காக இல்ல, மாவட்டம் முழுசுக்கும் ஒரே ஆபீஸுன்னு வச்சதுக்காக. ராதாபுரம் பக்கத்துல இருந்தும் ஆளு வரணும், பாபநாசம் மேல இருந்தும் வரணும், ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் சம்பளம் போகும். எங்க பக்கத்து வீட்டு சித்தி முக்கூடல்ல இருந்து வாக்கப்பட்டு வந்தவுக, சின்னப் புள்ளையில இருந்து பீடி சுத்துதாவ, இப்போ இருமல் தாங்கல, தையல் மிஷின் நாலு போட்டு தொழில் பண்ணணும்னு ஆசை. பீடி, சிகரெட் தொழிலுக்கு இந்தத் திட்டத்துல கடன் கிடையாது, அதை விட்டு வெளிய வர நினைக்கிறவங்களுக்குத் தையலுக்குக் கிடைக்கும். ஆனா அவுக ஒரு நாளு தட்டை இறக்கி வச்சா அன்னைக்கு கூலி கிடையாது, அவுக எப்படி ஏழு தடவ திருநெல்வேலிக்குப் போவாவ? 2019ல தென்காசியைத் தனி மாவட்டமாப் பிரிச்ச பிறகு அங்க உள்ளவங்களுக்கு தனியா ஒரு மையம் வந்துருக்கு, சங்கரன்கோவில்காரங்க இங்க வரைக்கும் வர வேண்டிய அவசியம் இல்ல. அதே மாதிரி அம்பாசமுத்திரத்துலயும் வள்ளியூர்லயும் ஒரு ரூம், ஒரு மேசை, அந்த மேடம் மாதிரி பென்சில் வச்சுப் படிச்சுப் பாக்குற ஒரு ஆளு, வாரத்துக்கு ரெண்டு நாளு இருந்தாக் கூடப் போதும். பத்தமடை பாய்க்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது, காருகுறிச்சியில மண்பானை செய்யுறவங்க இருக்காங்க, கல்லிடைக்குறிச்சி அப்பளம் வேண்டாம்னு சொல்லுற கடை கிடையாது. தொழில் பண்ணுற ஆளு எல்லாம் இந்த தாமிரபரணி ஆத்தங்கரையில தான் இருக்கோம், ஆபீஸும் கொஞ்சம் ஆத்தங்கரைப் பக்கம் வரட்டும். இதை மனுவாவும் எழுதிக் குடுத்திருக்கேன், எங்க குழுவுல 12 பேரு கையெழுத்துப் போட்டிருக்கோம்.

போறவங்க திங்கக்கிழமை போகாதீங்க, அன்னைக்கு கலெக்டர் ஆபீஸ்ல மனு நாளு, அதிகாரிங்க அங்க போயிருவாங்க, நான் ஒரு தடவ அப்படிப் போயி மதியம் வரைக்கும் உக்காந்துட்டு வந்தேன். மிஷின் கொட்டேஷன் ஜிஎஸ்டி நம்பரோட உள்ள பில்லா வாங்கிக்கோங்க, துண்டுச் சீட்டுல எழுதித் தந்தா எடுக்க மாட்டாங்க. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை வெளிய காசு குடுத்து எழுதுறதுக்கு முன்ன உங்க கணக்கை ஒரு நோட்டுல எழுதிக் கொண்டு போயி முதல்ல அவங்ககிட்ட காட்டுங்க, உளுந்து கிலோ என்ன விலை, ஒரு நாளைக்கு எத்தனை கட்டு போகும், கரண்டு எவ்வளவுன்னு. டிரையர் வந்த பிறகு வந்த முதல் கார்த்திகையில ஒரு அப்பளம் கூட பச்சை கட்டல, அத்தை மட்டும் வெயில் அடிக்கிற அன்னைக்கு இன்னும் பாயை விரிச்சுக் காயப் போடுதாவ.