ஃபிஷ் ஷெல் அப்ரிவியேஷன்: அலியாஸ விட இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு

டெர்மினல்ல நாம அடிக்கற கமாண்ட வாங்கி ஓட்டற புரோகிராம்தான் ஷெல். அதுல ஒண்ணான பாஷ்ல ரொம்ப வருஷமா அலியாஸ் (நீளமான கமாண்டுக்கு வைக்கற சுருக்குப் பேரு) போட்டுத்தான் ஓட்டிட்டிருந்தேன், ஃபிஷ் ஷெல்லுக்கு மாறினப்புறம் அதோட அப்ரிவியேஷன விட மனசே வரல. ஜிசிஓ (gco)-னு ஒரு சுருக்கம் செட் பண்ணி வெச்சிட்டு, அத அடிச்சு ஸ்பேஸ் தட்டினா கண்ணு முன்னாடியே கிட் செக்அவுட்னு (git checkout, கோட் மாற்றங்கள கண்காணிக்கற கிட்டோட ஒரு கமாண்ட்) முழுசா விரியுது, என்டர் தட்டறதுக்கு முன்னாடி பாத்து திருத்திக்கலாம், ஹிஸ்டரிலயும் முழு கமாண்டே நிக்கும், அதனால வேற சர்வர்ல உக்காந்தாலும் ஒரிஜினல் கமாண்ட் மறக்கறதில்ல. 3.6 வெர்ஷன்லேர்ந்து விரிஞ்சதும் கர்சர் எங்க நிக்கணும்னுகூட சொல்லி வைக்கலாம், கிட்ல கமிட் மெசேஜ் (மாற்றத்த சேமிக்கறப்ப எழுதற குறிப்பு) எழுதறப்ப மேற்கோள் குறிக்கு நடுவுல தானா போய் நிக்குது, அவ்ளோ சுகம்! குறைனா, பாஷ் ஸ்கிரிப்ட் எல்லாம் ஃபிஷ்ல அப்படியே ஓடாது. அப்புறம் அப்ரிவியேஷன மறக்காம ஃபிஷ்ஷோட கான்ஃபிக் ஃபைல்ல எழுதி வைங்க, டெர்மினல்ல மட்டும் அடிச்சா விண்டோவ மூடினதும் போயிடும்.