வி போடுவதா, டபிள்யூ போடுவதா: நூலகத் தரவுத்தளங்களுடன் 3 வருடம்

கிளிநொச்சிப் பக்கத்துச் சின்னக் குளங்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். பல்கலைக்கழக நூலகம் தரும் கட்டுரைத் தரவுத்தளங்களை 3 வருடமாகப் பாவிக்கிறேன், அதில் முதல் வருடம் முக்கால்வாசி வீண்.

எல்லாம் எழுத்துக்கூட்டலால் வந்த வினை. ஆய்விதழ்க் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் வன்னியை ஆங்கில 'வி' போட்டே தேடிக்கொண்டிருந்தேன், போரும் இடப்பெயர்வும் குவிந்தன, குளத்தைக் காணோம். ஒரு நாள் நூலகத்தில் இருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, டபிள்யூ போட்டும் தேடிப் பாருங்கோ" என்றா. சரி என்று இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டு நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஓர்' (OR, 'அல்லது') என்று அடித்தேன். அதுவரை கண்ணில் படாத கட்டுரைகள் வரிசையாக வந்தன.

அடுத்தது குளம் என்ற சொல். ஒரு குளம் வான் பாய்ந்து அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகிற தொடரை இப்போது எல்லோரும் 'டாங்க் கஸ்கேட்' என்கிறார்கள். ஆனால் இலங்கைப் புவியியலாளர் மத்தும பண்டார 1985இல் எழுதிய பிறகுதான் அந்தச் சொல் ஆய்வுகளில் பரவியது. அதற்கு முந்தியவை வேண்டுமென்றால் 'வில்லேஜ் டாங்க்', 'மைனர் டாங்க்' என்றும் தேடவேண்டும், இதை யாரும் சொல்லித் தரவில்லை.

கட்டுரையை வீட்டில் இருந்து திறந்தால் காசு கேட்கும், நூலகக் கணக்கு வழியாகவே நுழையவேண்டும். மேலே முகவரிப் பட்டையில் இருப்பதைப் பிரதி எடுத்து வைத்து நான் ஏமாந்திருக்கிறேன், ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் நாற்பது இணைப்பில் ஒன்றும் திறக்கவில்லை. கட்டுரைக்கென்றே கொடுக்கப்படும் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. (DOI) இலக்கத்தைக் குறித்து வையுங்கள், அது மாறாது.

கணக்கு இல்லாதவர்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் இருக்கிறது, இலங்கை ஆய்விதழ்கள் இலவசம், போனிலேயே பி.டி.எவ். இறங்கிவிடும். நான் இப்போது முதலில் போவதே அங்குதான்.

தமிழில் எழுதியது வேண்டுமென்றால் இந்தப் பெரிய தளங்களை நம்பிப் பயனில்லை, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வைக்கும் 'நூலகம்' நிறுவனத்தின் இணையத்தளத்துக்குத்தான் போகவேண்டும். போன கிழமை 'துருசு' (குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு) என்று ஆங்கில எழுத்தில் ஜேஸ்டோரில் அடித்தேன், உருப்படியாக ஒன்றுமில்லை. 'நூலகம்' தளத்திலோ பழைய கோயில் மலர் ஒன்றில், எங்கள் ஊர்க் குளத்துத் துருசை யார் திறப்பது என்று நடந்த சண்டை இரண்டு பக்கத்துக்கு இருந்தது.