மில் மோட்டாருக்கு 1.5 வயர்: சுங்கை சிப்புட் கடைக்காரர்கள் கவனிக்கவும்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மசாலா மில், மாவு மில், இறைச்சிக் கடை வைத்திருப்பவர்கள் வயரிங் வேலை கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தோட்டத்துப் பக்கம் உள்ள ஒரு மசாலா கடையில் குத்தகையாளர் ஒருவர் வேலை செய்து முழுப் பணமும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் யார் என்பதைவிட எப்படி ஏமாற்றினார் என்பதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

கடையில் 3 எச்பி மிளகாய் அரவை மோட்டார், சிங்கிள் பேஸ், 230 வோல்ட். கொட்டேஷனில் 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்று எழுதியிருந்தது. குழாய்க்குள் இழுத்தது 1.5. கேட்டதற்கு, "மோட்டார் 2.2 கிலோவாட், 230ஆல் வகுத்தால் 9.6 ஆம்பியர்தானே, 1.5 போதும்" என்றாராம். கெட்டிலுக்கு அந்தக் கணக்கு சரி, மோட்டாருக்குத் தப்பு. தகட்டில் உள்ள 2.2 கிலோவாட், மோட்டாரின் தண்டு வெளியே கொடுக்கும் சக்தி. உள்ளே இழுக்கும் கரண்டு வேண்டுமென்றால் திறன் விகிதம் (உள்ளே போகும் சக்தியில் தண்டுக்கு வந்து சேரும் பங்கு) 0.8, பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.85 இரண்டாலும் மறுபடி வகுக்க வேண்டும். அப்போது 14 ஆம்பியர் வரும். அந்த மோட்டாரின் தகட்டிலேயே 14 என்று அச்சாகி இருந்தது. கணக்கே தேவையில்லை, குனிந்து பார்த்தால் போதும்.

1.5 வயர் குழாய்க்குள் 17.5 ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணை சொல்கிறது. அது 30 டிகிரி சூட்டில், குழாயில் ஒரே சர்க்யூட் போனால். தகரக் கூரைக்கு அடியில் 40 டிகிரி என்று வைத்தால் 0.87ஆல் பெருக்க வேண்டும். ஃப்ரீசர் வயரும் அதே குழாயில் போனதால் இன்னொரு 0.8. மிஞ்சுவது 12.2 ஆம்பியர். 14 ஆம்பியர் மோட்டார் சும்மா ஓடினாலே அந்த வயருக்கு அதிகம்.

இதைவிட மோசமானது பிறகு நடந்தது. முதலில் போட்டது பி வகை 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்டு அதிகமானால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். பி வகை, தன் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கு கரண்டு வந்தால் உடனே விழும். அதாவது 80 ஆம்பியருக்குள். மோட்டார் கிளம்பும்போது ஓட்டக் கரண்டைப் போல் 6 மடங்கு, சுமார் 84 ஆம்பியர் இழுக்கும். காலையில் சுவிட்ச் தட்டினாலே டிரிப். புகார் செய்ததும் வந்து, வயரைத் தொடாமல் 32 ஆம்பியர் எம்சிபி மாற்றிவிட்டுப் போனார். டிரிப் நின்றது. ஆனால் 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும்படி செய்யப்பட்டது. 12 ஆம்பியர் தாங்கும் வயரின் உறை அதற்குள் உருகிவிடும். அரவைக் கல் இறுகி மோட்டார் திணறினால் தடுக்க ஓவர்லோட் ரிலேயும் வைக்கவில்லை.

சரியான வேலை இது: 4 வயர் (32 × 0.87 × 0.8 = 22 ஆம்பியர்), மோட்டார் கிளம்பும் இழுப்புக்கு விழாத சி வகை 20 ஆம்பியர் எம்சிபி, 14 ஆம்பியருக்கு வைத்த ஓவர்லோட் ரிலேயோடு ஸ்டார்ட்டர். தூரத்தையும் பாருங்கள். அந்தக் கடையில் எம்சிபி பெட்டியிலிருந்து மோட்டாருக்கு 25 மீட்டர். 1.5 வயரில் கிளம்பும் நேரத்தில் 60 வோல்ட் அளவுக்கு இறங்கும். மோட்டாரின் முறுக்கு விசை பாதியாகி, உறுமிக்கொண்டே நின்று சூடேறும். 4 வயரில் 23 வோல்ட்தான் இறங்கும்.

மொத்த லோடிலும் இதே கதைதான். மில், மூன்று ஃப்ரீசர், ஏர்கோன், விளக்கு எல்லாவற்றையும் கூட்டி, வீட்டுக் கணக்கு மாதிரி 0.4ஆல் பெருக்கி 12 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறார். நாள் முழுக்க ஓடும் சாமானுக்கு அப்படிக் குறைக்கவே கூடாது. அமெரிக்க விதியில் 3 மணி நேரத்துக்கு மேல் ஓடும் லோடுக்கும், மோட்டார்களில் பெரியதற்கும் 25 விழுக்காடு கூட்டிப் போடுவார்கள். நம் மலேசியாவில் வேலை எம்எஸ் ஐஇசி 60364 என்ற வயரிங் தரவிதிப்படி நடப்பது. என்றாலும் மூடிய பெட்டிக்குள் எம்சிபிக்கள் ஒன்றையொன்று சூடாக்குவதால் அந்த 25 விழுக்காடு இடைவெளி இங்கும் நல்லது. அப்படிப் போட்டால் மில் 17.5, ஃப்ரீசர் 10.5, ஏர்கோன் 6, விளக்கு 5, மொத்தம் 39 ஆம்பியர். கடையின் மெயின் சுவிட்ச் 40. இன்னொரு ஃப்ரீசர் வாங்க இடமில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டியது அவர் கடமை. மழையில் கரண்டு போய்த் திரும்பும்போது மூன்று ஃப்ரீசரும் ஒரே நொடியில் கிளம்பும். ஆளுக்கொரு டிலே டைமர் வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்புங்கள்.

வேலை கொடுக்கும் முன் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிந்த குத்தகையாளரா என்று பாருங்கள். சிங்கிள் பேஸுக்கு பிடபிள்யூ2, த்ரீ பேஸுக்கு பிடபிள்யூ4 தகுதிச் சான்று உள்ள வயர்மேன் வேண்டும். போரங் ஜி (வேலை முடிந்த சான்று), போரங் எச் (சோதனைச் சான்று) இரண்டும் கையெழுத்தோடு கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். இந்தக் கடைக்கு இரண்டுமே வரவில்லை. வயரின் மேல் அளவு அச்சாகி இருக்கும். குழாய்க்குள் போகும் முன் நின்று பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

டிரிப் ஆகிறது என்று சொன்னதற்கு, வயரை மாற்றாமல் பெரிய எம்சிபி மட்டும் உங்கள் கடையிலும் போட்டிருந்தால், மோட்டாரை இன்றே நிறுத்துங்கள். வேறு வயர்மேன் வந்து வயரின் அளவைப் பார்த்த பிறகு ஓட்டுங்கள்.