புறக்கோட்டைக் கடைமுகப்புகளை எப்படிக் காப்பாற்றுவது?

கொழும்புப் புறக்கோட்டையில் காலை வேளையில் தெருவோரம் நின்று கொஞ்சம் மேலே பாருங்கள். கீழ்த்தளம் முழுக்க அலுமினியத் தகடும் எல்இடி எழுத்தும். தகடு முடிகிற இடத்துக்கு மேலே சாந்தில் வார்த்த பூவேலையும் மரச்சட்ட ஜன்னலும் கறுத்துப்போய் நிற்கும். பல கடைகளில் தகடு கூரைவரை ஏறிவிட்டது. உள்ளே பழைய சுவர் இருக்கிறதா, இடித்தாயிற்றா என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது.

இந்த முகப்புகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் பெரிதாகச் சண்டை இல்லை. எந்த வழியில் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

முதல் வழி, அரசே கட்டடத்தைக் கையில் எடுத்துத் திருத்துவது. பக்கத்துக் கோட்டைப் பகுதியில் உள்ள டச்சு ஆஸ்பத்திரி இதற்கு நல்ல உதாரணம். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், ஒரு காலத்தில் பொலிஸ் நிலையமாகவும் இருந்தது. 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமானது. நகர அபிவிருத்தி அதிகார சபை அதைத் திருத்தி 2011 டிசம்பரில் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது. வேலை அழகான வேலை. தடித்த சுவரும் முற்றமும் ஓட்டுக் கூரையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அது முழுக்க அரசின் சொத்து. ஒரே கூரைக்குக் கீழே நாலு பங்காளிகளும் மூன்று வாடகைக்காரரும் இருக்கிற புறக்கோட்டைக் கடையில் இதைச் செய்யவே முடியாது. செய்தாலும் அங்கே காப்பிக் கடைதான் வரும், துணி மொத்த வியாபாரம் திரும்பி வராது.

இரண்டாவது, கட்டடம் கட்டடமாகத் தொல்பொருள் சின்னம் என்று அறிவிப்பது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. தனித்து நிற்கும் கட்டடத்துக்கு இது சரி. கடைவரிசைக்கு இது போதாது. பக்கத்துக் கடை ஆறு மாடி எழுப்பினால் நடுவில் தனியாக நிற்கும் ஒரு முகப்பால் என்ன பயன்?

மூன்றாவது, முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் புதுக் கட்டடம் எழுப்புவது. கட்டுகிறவர்களுக்குப் பிடித்த வழி. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழியும் இதுதான். முதல் மாடி ஜன்னலுக்குப் பின்னால் கொங்கிரீட் தூண் தெரியும்போது அந்தச் சுவர் வெறும் படுதா.

நான்காவது, ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரே விதி. தெற்கே காலி நகரத்துக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1994இல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது. சிங்கப்பூர் 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் பகுதிகளைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தது. அங்கே கடைவீட்டின் முகப்போடு கூரை, உள்முற்றம், பொதுச்சுவர் எல்லாமே காக்கப்படுகின்றன. கடைக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைவழி 1822 நகரத் திட்டத்தில் இருந்து வருகிறது. மழையில் நனையாமல் தெரு முழுக்க நடக்கலாம். நம் யோர்க் வீதியில் கார்கில்ஸ் கட்டடத்துத் தூண் நடையில் ஒதுங்கியவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும்.

இந்த நாலாவது வழிக்கே என் ஆதரவு. ஆனால் சிங்கப்பூர் விதியை மட்டும் எடுத்து வந்தால் இங்கே வேலைக்கு ஆகாது. அங்கே பாதுகாப்பு விதியோடு வாடகைக் கட்டுப்பாட்டையும் படிப்படியாகத் தளர்த்தி 2001இல் நீக்கினார்கள். இங்கே 1972 வாடகைச் சட்டத்தின் கீழ் வந்த பழைய கடைகளில் வாடகை அற்பம். அந்த வாடகையில் சொந்தக்காரர் ஓடு மாற்றமாட்டார். நாளைக்குக் கடையை விட்டு எழும்பவேண்டி வருமோ என்று வாடகைக்காரரும் காசு போடமாட்டார். கடைசியில் மலிவான தகட்டை அடித்து ஒழுகலை மறைத்துவிடுவார்கள்.

இன்னொன்று வீதிக் கோடு. வீதியை அகலிக்கக் குறித்து வைத்த கோடு அது. இடித்துக் கட்டினால் கோட்டுக்குப் பின்னால் போகவேண்டும். முன்பக்கத்தில் சில அடி போய்விடும். புறக்கோட்டையில் ஓரடியும் பொன். அதனாலேயே பலர் பழைய சுவரை இடிக்காமல் விட்டார்கள். காப்பாற்றத் தோன்றாத ஒரு விதி சுவரைக் காப்பாற்றியிருக்கிறது, ஆனால் தகட்டுக்குள் மூடி. பாதுகாக்கும் வரிசைகளில் இந்த வீதிக் கோட்டை நீக்கிவிட்டால், சொந்தக்காரருக்குச் சுவரைத் திருத்தவும் துணிவு வரும்.

என் அப்பா இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். அந்தக் கடைக்கு அப்போது ஷட்டர் கிடையாது. வாசல் நிலையில் வெட்டிய பள்ளத்தில், அதாவது காடியில், இறக்கும் பலகைகள்தான். ஒவ்வொன்றிலும் உளியால் வெட்டிய எண். மழைக்காலத்தில் ஏழாம் பலகை ஊதிக்கொள்ளும், இறங்காது. அப்பா உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்புறம் ஷட்டர் வந்தது, பலகைகள் உள்ளே சாமான் தட்டாகின. போன வருடம் போய்ப் பார்த்தேன். மேல் தட்டில் ஏழு என்று தெளிவாகத் தெரிகிறது, வாசலில் காடியும் அப்படியே இருக்கிறது. விதி எழுதுகிறவர்கள் ஷட்டரைத் தடை செய்யவேண்டாம். காடியைச் சிமெந்தால் அடைக்காதே என்று எழுதினால் போதும்.

காடியை விட்டால் விதி இன்னும் மூன்றே வரிதான். பெயர்ப்பலகை கீழ்த்தளத்துக்கு மேலே ஏறக்கூடாது. முதல் மாடியைத் தகட்டால் மூடக்கூடாது. தூண் நடை உள்ள இடத்தில் அதை அடைக்கக்கூடாது. உள்ளே என்ன விற்பது, எத்தனை மூட்டை அடுக்குவது, மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் எந்த வாசலால் இறக்குவது என்பதெல்லாம் வியாபாரியின் பாடு. காலி கோட்டையில் வீடுகள் ஒவ்வொன்றாக ஹோட்டலானதைப் பார்த்தபிறகு இந்த எல்லையை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

தொடங்குவதற்கு இரண்டாம் குறுக்குத் தெருவே நல்ல இடம். தென்னிந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1908இல் தொடங்கி 1909இல் முடித்த சிவப்புப் பள்ளிவாசல் அங்கேதான் நிற்கிறது. எந்த நாளும் படம் எடுக்கும் கூட்டம். பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைவரிசைக்கு முதலில் விதியைக் கொண்டுவரட்டும். தகட்டைக் கழற்றுகிறவருக்கு மூன்று வருடம் பெயர்ப்பலகைக் கட்டணத்தை மாநகர சபை தள்ளுபடி செய்யட்டும்.