கிரேக்கப் பழமொழிச் சீட்டுகள்: 89 வெள்ளிக்குத் தகுமா?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆர்மீனியன் தெருப் பக்கம் உள்ள பரிசுப்பொருள் கடையொன்றில் இந்தப் பெட்டி கிடைக்கிறது. உள்ளே 52 சீட்டுகள். முன்பக்கம் கிரேக்க எழுத்தில் பழமொழி, பின்பக்கம் ஆங்கிலத்திலும் மலாயிலும் பொருள். தமிழ் கிடையாது. விலை 89 வெள்ளி (ரிங்கிட்). சரக்கு நல்லதுதான். ஆனால் வாங்கிய கையோடு பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டாம். சலித்தெடுக்கிற வேலை கொஞ்சம் இருக்கிறது.

பெட்டியின் பலம், கிரேக்க வீடுகளில் இன்றும் புழங்கும் பழமொழிகள். பாதிக்கு மேல் அவைதான். ‘ஃபசூலி தோ ஃபசூலி, யெமீஸி தோ சக்கூலி’ என்று ஒன்று. பயறு பயறாகப் போட்டால் பை நிறைந்துவிடும் என்று பொருள். சொல்லிப் பார்த்தால் இயைபு தானாக நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மொழியணிப் பாடத்தில் ‘சிறு துளி பெருவெள்ளம்’ படித்திருப்பார்கள். மலாய் வகுப்பில் ‘சிக்கிட்-சிக்கிட், லாமா-லாமா ஜாடி புக்கிட்’ (கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்ந்து குன்றாகும்) கேட்டிருப்பார்கள். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேச இதைவிட நல்ல சீட்டு இல்லை.

‘பல சேவல் கூவும் இடத்தில் விடியத் தாமதமாகும்’ இன்னொன்று. ஆளாளுக்குக் கட்டளை போடும் இடத்தில் வேலை நகராது என்பதற்குச் சொல்வது. கோயில் நிர்வாகக் கூட்டத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

மலாய்ப் பொருள் எழுதியவர் சில இடங்களில் அவசரப்பட்டிருக்கிறார். ‘நாக்குக்கு எலும்பில்லை, ஆனால் எலும்பை நொறுக்கும்’ என்ற சீட்டுக்கு ‘லிடா தாக் பெர்துலாங்’ (நாக்குக்கு எலும்பில்லை) என்று போட்டிருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சொல்லும் இடம் வேறு. மலாயில் அது வாக்குக் கொடுப்பது சுலபம், நிறைவேற்றுவது கடினம் என்பதற்கு வரும். நம் ‘நரம்பில்லாத நாக்கு’ அதற்குத்தான் பொருந்தும். கிரேக்கர் சொல்வதோ சுடுசொல்லின் காயத்தை. அதற்கு நேர், ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்’ என்ற குறள்.

பெரிய குறை, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பது. ‘உன்னையே அறி’, ‘எதிலும் மிகை வேண்டாம்’ இரண்டும் பண்டைய கிரேக்கத்தின் டெல்ஃபியில் அப்பொல்லோ கோயிலில் பொறித்திருந்த வாசகங்கள். ‘ஏதென்சுக்கு ஆந்தை கொண்டுபோவது’ பண்டைய கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் நாடகத்திலேயே வருகிறது. நம் ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’தான். இவை ஏட்டு வழி வந்தவை. பயறும் சேவலும் வாய்வழி வந்தவை. இந்த வகையைத்தான் கிரேக்க நாட்டார் வழக்காற்று அறிஞர் நிக்கொலாவோஸ் பொலித்திஸ் திரட்டி 1899 முதல் 1902 வரை ஏதென்சில் 4 தொகுதிகளாக வெளியிட்டார். பெட்டியில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு நிற அடையாளம்கூட இல்லை. வாங்கியதும் இரண்டு கட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சீட்டைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். தான் உட்காராத நிழலுக்காகக் கிழவர்கள் மரம் நடும்போது சமுதாயம் வளர்கிறது என்பது அது. இணையம் முழுக்க ‘கிரேக்கப் பழமொழி’ என்றே சுற்றுகிறது, ஆனால் பழைய கிரேக்க நூல்களில் இதற்கு ஆதாரம் கிடையாது. இதற்கு நெருங்கி வருவது ரோமானிய எழுத்தாளர் சிசரோ மேற்கோள் காட்டும் ஒரு லத்தீன் வரி. அழகான வாசகம்தான், அதற்காகக் கிரேக்கர் கணக்கில் எழுத முடியாது.

அச்சுப் பிழைகளையும் பார்க்க வேண்டும், குறிப்பாகச் சட்டம் போட்டு மாட்டவோ பரிசளிக்கவோ நினைப்பவர்கள். சிக்மா என்ற கிரேக்க ‘ஸ்’ எழுத்து சொல்லின் கடைசியில் வந்தால் வடிவம் மாறி, வால் கீழே இறங்க வேண்டும். பெரிய எழுத்தில் தட்டியதை மென்பொருள் சிறிய எழுத்தாக மாற்றும்போது இது தவறிவிடும். 7 சீட்டுகளில் தவறியிருக்கிறது. அழுத்தக்குறி அதைவிட முக்கியம். கிரேக்க எழுத்தில் 1982 சீர்திருத்தத்துக்குப் பிறகு பொதுவாகச் சொல்லுக்கு ஒரே குறிதான், அது இடம் மாறினால் பொருளே புரண்டுவிடும். ‘வராமலே போவதைவிடத் தாமதமாய் வருவது மேல்’ என்ற சீட்டில் கடைசிச் சொல்லின் குறி இரண்டாம் அசையில் இருந்தால் ‘ஒருபோதும்’, முதல் அசையில் இருந்தால் ‘எப்போது’. இங்கே முதல் அசையில் விழுந்திருக்கிறது. கிரேக்க நண்பருக்கு இதைக் கொடுத்தால் சிரிப்பார்.

விளையாடும் முறை என்று பெட்டிக்குள் இருக்கும் தாள் உதவாது. எட்டுச் சீட்டு, நாலைந்து பேர் போதும். ஒருவர் பொருளை மட்டும் படிக்கட்டும். மற்றவர்கள் முதலில், இதை யாரிடம், எந்த நேரத்தில் சொல்வோம் என்று சொல்ல வேண்டும். தமிழ்ப் பழமொழி அதற்குப் பிறகுதான். மாற்றிச் செய்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு அடுத்த சீட்டுக்குத் தாவிவிடுவார்கள். ‘ஒட்டுப்போட்டதானாலும் உன் ஊர்ச் செருப்பையே போடு’ என்ற சீட்டை மட்டும் ஆள் பார்த்து எடுங்கள். அது செருப்பைப் பற்றியதல்ல, பெண்ணோ மாப்பிள்ளையோ வெளியில் தேடாதே என்பது. கலப்புத் திருமணம் நடந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் வந்தால் சங்கடம்.

தாள் கெட்டி, ஆனால் மேல்பூச்சு இல்லை. பினாங்கு ஈரத்துக்கு ஓரம் சுருண்டுகொள்ளும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் தாங்கும். குறி தவறிய சீட்டுக்கு மாற்று கேட்டால் கடையில் தருவதில்லை, வாங்குமுன் அங்கேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். 60 வெள்ளி என்றால் யோசிக்காமல் வாங்கலாம். 89 என்றால், வீட்டில் உட்கார்ந்து பேச ஆளிருப்பவர்களுக்கு மட்டும்.